கண்ணுக்குள் நீர் கோத்தால்: ஒருவருக்குப் பொறுமை, இன்னொருவருக்கு ஊசி

வேலூரில் எந்தக் கண் மருத்துவமனையின் விழித்திரைப் பிரிவுக்குப் போனாலும் இப்படி இரண்டு பேரை அடுத்தடுத்த நாற்காலியில் பார்க்கலாம். ஒருவருக்கு முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ கம்பெனி வேலை. இன்னொருவர் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு பேரிடமும் டாக்டர் சொல்வது ஒன்றுதான்: "விழித்திரையில நீர் கோத்திருக்கு." ஆனால் முதலாமவரிடம், "இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம், ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்கிறார். இரண்டாமவரிடம், "தள்ளிப் போடாதீங்க, கண்ணுக்குள்ள ஊசி போட ஆரம்பிக்கணும்" என்கிறார்.

வெளியே வந்து இரண்டு பேரும் பேசிக்கொண்டால் குழப்பம்தான். நம்மை ஒழுங்காகப் பார்க்கவில்லையோ என்று முதலாமவருக்குத் தோன்றும். அவருக்குச் சும்மா சரியாகுமாம், எனக்கு மட்டும் எதற்கு ஊசி என்று இரண்டாமவருக்குத் தோன்றும். முதலாமவர் வேறு டாக்டரைத் தேடி அலைந்தால் கொஞ்சம் பணமும் நேரமும் போகும். இரண்டாமவர் ஊசி போடாமல் ஊர் திரும்பினால் போவது பார்வை. இரண்டு பேரிடமும் டாக்டர் சொன்னது சரிதான் என்பது புரிய வேண்டுமானால், நீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விழித்திரை கண்ணின் பின்பக்க உள்சுவரில் படிந்திருக்கும் நரம்புப் படலம். தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். அதன் மையப் பகுதிக்கு மாகுலா என்று பெயர், அகலம் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். அந்த மையத்துக்கும் மையமாக ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, அது ஃபோவியா. எழுத்துக் கூட்டிப் படிப்பது, எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது, கத்தரிப்பூ நிறத்துக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் சொல்வது எல்லாம் இந்த இத்துனூண்டு இடத்தின் வேலை. விழித்திரையின் மற்ற பகுதி பக்கவாட்டில் என்ன நடக்கிறது என்று காட்டும். அதனால்தான் மையத்தில் நீர் கோத்தவர் தடுமாறாமல் நடந்து வருவார், பஸ் வருவது தெரியும், பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்பது மட்டும் தெரியாது.

இந்தப் படலத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்து ரத்தம் வருகிறது. உள்பாதிக்கு விழித்திரைக்குள்ளேயே ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள். வெளிப்பாதிக்கு, விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கோராய்டு என்கிற ரத்தக் குழாய்ப் படுகை. கோராய்டுக்கும் விழித்திரைக்கும் நடுவே ஒரே ஒரு செல் தடிமனில் நிறமி அடுக்கு ஒன்று உண்டு. பின்னாலிருந்து நீர் உள்ளே வராமல் தடுப்பதும், உள்ளே சேரும் நீரை இடைவிடாமல் பின்பக்கம் இறைத்து வெளியேற்றுவதும் அதன் வேலை. ஆக, கசிவதற்கு இரண்டு இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தொட்டி கசிந்து நம் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவது ஒன்று, நம் சுவருக்குள்ளேயே பதித்த குழாய் அரித்துப்போய்க் கசிவது இன்னொன்று. பார்க்கிறவருக்கு இரண்டிலும் சுவர் ஈரம்தான்.

நாற்பது வயதுக்காரருக்கு வந்தது முதல் வகை. சென்ட்ரல் சீரஸ் கோரியோரெடினோபதி என்பது முழுப் பெயர். நம் ஊர் டாக்டர்கள் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். என்றுதான் சீட்டில் எழுதுவார்கள். 1866-இலேயே ஜெர்மன் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே இதைப் பதிவு செய்துவிட்டார். ஆனால் கோளாறு விழித்திரையில் இல்லை, அதற்குப் பின்னால் கோராய்டில் இருக்கிறது என்பதை 1967-இல் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் காஸ்தான் தெளிவாகக் காட்டினார். இவர்களுக்குக் கோராய்டு ரத்தக் குழாய்கள் புடைத்து, படுகையே தடித்திருக்கும். அங்கிருந்து கசியும் நீர் நிறமி அடுக்கை அழுத்துகிறது. ஏதோ ஓர் இடத்தில் அந்த அடுக்கு விட்டுக்கொடுக்கிறது. அந்தப் பொட்டு ஓட்டை வழியாக நீர் ஏறி, விழித்திரையை அடியிலிருந்து மேடாகத் தூக்கிவிடுகிறது.

வலி இருக்காது. கண் சிவக்காது. பீளை, நீர் வடிதல் எதுவும் இருக்காது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலையில் இருக்கும் ஒருவரை வைத்துச் சொல்கிறேன், அந்த வேலையில்தான் இது உடனே பிடிபடும். தையல் கோடு நேராகத்தான் ஓடுகிறது. ஆனால் அவர் எங்கே பார்க்கிறாரோ அந்த இடத்தில் கோடு உள்ளே வளைந்த மாதிரி தெரிகிறது. பார்வையை நகர்த்தினால் வளைவும் கூடவே நகர்கிறது. நல்ல கண்ணை மூடிக்கொண்டு கோளாறு உள்ள கண்ணால் மட்டும் பார்த்தால் அதே தோல் துண்டு கொஞ்சம் சின்னதாக, வெள்ளை நூல் பழுப்பேறியதாகத் தெரிகிறது. பார்க்கும் இடத்தின் நடுவே ஒரு மங்கல் வட்டம். வெயிலிலிருந்து உள்ளே வந்தால் சிறிது நேரம் கண்ணில் நிற்குமே, அப்படி ஒரு கறை. வெயிலில் வந்தது போய்விடும், இது போகாது.

பெரும்பாலானவர்கள் முதலில் போவது கண்ணாடிக் கடைக்கு. அங்கே பவர் பார்த்தால் உண்மையிலேயே பவர் மாறியிருக்கும். விழித்திரை முன்னால் தள்ளப்பட்டிருப்பதால் வெளிச்சம் குவிய வேண்டிய இடம் பிசகி, கண்ணுக்கு லேசான பிளஸ் பவர் தேவைப்படும். புதுக் கண்ணாடி போட்டால் ஓரளவு தெளிவாகவும் தெரியும். "வயசாகுது சார், நாற்பதைத் தொட்டா வர்றதுதான்" என்று அனுப்பிவிடுவார்கள். நாற்பது வயதுப் பவர் இரண்டு கண்ணிலும் சேர்ந்துதான் வரும். ஒரு கண்ணில் மட்டும், அதுவும் சில நாட்களுக்குள் பிளஸ் பவர் ஏறினால், கண்ணாடி வாங்குவதற்கு முன் விழித்திரையைக் காட்ட வேண்டும்.

யாருக்கு வருகிறது என்று பார்த்தால், முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கே அதிகம். பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு. பெண்களுக்குக் கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில் வருவதுண்டு, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஓயாத மன அழுத்தம், தூக்கக் கேடு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் கோளாறு ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. மன அழுத்தத்தில் நம் உடம்பே கார்டிசால் என்கிற ஸ்டீராய்டைக் கூடுதலாகச் சுரக்கிறது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த நோயோடு மிக உறுதியாகப் பிணைந்திருக்கும் காரணம் ஸ்டீராய்டுதான். மாத்திரையாகவோ, ஊசியாகவோ, உறிஞ்சும் பம்ப்பாகவோ, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவோ, தோலில் தடவும் கிரீமாகவோ, மூட்டில் போடும் ஊசியாகவோ, எந்த வழியில் உடம்புக்குள் போனாலும் சரி.

நம் பகுதியில் இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வட ஆற்காடு முழுக்க உடல் உழைப்புதான். தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனி, குடியாத்தம் பக்கம் கைத்தறியும் பீடியும் தீப்பெட்டியும், ஊருக்கு ஊர் கட்டட வேலை. இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் பஞ்சமே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் போய் "மூட்டு வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று கேட்டால் பொட்டலத்தில் மூன்று மாத்திரை வரும். அதில் ஒன்று வெள்ளையாகச் சின்னதாக இருக்கும். பல நேரம் அது டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இவற்றில் ஏதோ ஒன்று. கேட்கும்! அதுதான் பிரச்சினையே. மறுநாளே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் கொஞ்சம் பூசினாற்போல் ஆகும், "உடம்பு தேறிட்டான்" என்பார்கள். மூலிகைப் பொடி, லேகியம் என்ற பெயரில் விற்பதிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் வெளுக்க, படர்தாமரை மறைய என்று வாங்கும் டியூப்களும் அப்படித்தான். தோலில் தடவும் ஸ்டீராய்டுகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடையில் கேட்டுப் பாருங்கள், இன்னும் கிடைக்கும்.

எங்கள் உறவில் ஒருவருக்கு இது வந்தபோது கூடவே போயிருந்தேன். டாக்டர் கேட்டார்: "ஸ்டீராய்டு ஏதாவது எடுத்துக்கறீங்களா?" அவர், "இல்லைங்க, நான் மாத்திரையே சாப்பிடறதில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் மனதில் மாத்திரை என்றால் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் தினம் போடுவது. பக்கத்திலிருந்த மனைவி, "ஏங்க, முதுகுப் பிடிப்புக்குன்னு கடைக்காரர்கிட்ட வாங்கி வச்சிருக்கீங்களே, வாரத்துல நாலு நாள் போடறீங்களே" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதைத்தான்மா கேக்கறேன். அந்த அட்டையைக் கொண்டு வர முடியுமா?" என்றார். அட்டை வந்தது. ஸ்டீராய்டுதான். அதை விட்டது ஒன்றுதான் முதல் சில வாரங்களுக்கு அவருக்கு நடந்த வைத்தியம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக ஸ்டீராய்டை நிறுத்திவிடக்கூடாது. ஆஸ்துமாவுக்கு, சிறுநீரகக் கோளாறுக்கு, முடக்குவாதத்துக்கு, உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் என்று டாக்டர் எழுதித் தந்து எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வெகுநாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு, தானே சுரக்க வேண்டிய கார்டிசாலைச் சுரக்க மறந்திருக்கும். அளவைப் படிப்படியாகக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதைக் கண் டாக்டரும் அந்த நோய்க்குப் பார்க்கும் டாக்டரும் சேர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்டவர்களும் எத்தனை நாள், எவ்வளவு என்று சொல்லிவிட்டு, டாக்டர் சொல்கிறபடி நிறுத்துவதே நல்லது.

நீர் இருப்பதை உறுதி செய்வது, விழித்திரையை ஒளியால் படம் எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன். ஊசி கிடையாது, கண்ணைத் தொடுவதும் கிடையாது. தாடையை ஒரு தாங்கியில் வைத்து உள்ளே தெரியும் குறியை அசையாமல் பார்க்க வேண்டும், சில நொடியில் முடிந்துவிடும். இந்தத் தொழில்நுட்பம் உலகுக்கு அறிமுகமானது 1991-இல். அதற்கு முன் டாக்டர்கள் லென்ஸ் வழியாகப் பார்த்து ஊகித்ததை இன்று அடுக்கு அடுக்காகத் திரையில் பார்க்கிறார்கள். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினால் தவறாமல் பாருங்கள். நல்ல கண்ணில் சாம்பல் நிறக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி, நடுவே ஃபோவியா இருக்கும் இடத்தில் ஒரு மென்மையான பள்ளம் தெரியும். சி.எஸ்.ஆர். வந்த கண்ணில் கோடுகள் மொத்தமாக மேலே தூக்கி நிற்கும், அடியில் கருப்பாக ஒரு வெற்றிடம் இருக்கும். அந்தக் கருப்புதான் நீர். உறவினரின் ஸ்கேனில் அந்த மேட்டின் உயரத்தை மைக்ரானில் அளந்து எழுதினார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நூற்றுச் சொச்சம் மைக்ரான் எழும்பினாலே மனிதருக்குக் கோடு கோணலாகிவிடுகிறது.

எந்த இடத்தில் கசிகிறது என்று தெரிய வேண்டுமானால் ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். இருதயத்துக்குச் செய்வது போல அல்ல, பயப்பட வேண்டாம். கை நரம்பில் ஃபுளூரசீன் என்கிற மஞ்சள் சாயத்தைச் செலுத்திவிட்டுக் கண்ணைத் தொடர்ந்து படம் எடுப்பது, அவ்வளவுதான். தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும், சிறுநீர் ஒரு நாள் வரை ஆரஞ்சு நிறத்தில் போகும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் மஞ்சள் காமாலை என்று வீட்டில் கலவரமாகிவிடும்.

சரி, ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்? முதல்முறை வரும் சி.எஸ்.ஆர். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் தானே வடிந்துவிடும். ஓட்டை அடைபடும், நிறமி அடுக்கு மிச்ச நீரை இறைத்துவிடும், விழித்திரை பழைய இடத்தில் உட்காரும். பார்வையும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பும். நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரிவது மட்டும் சிலருக்கு மிஞ்சும். இதைச் சீக்கிரமாக்க நம்பகமான மாத்திரை இல்லை. எப்ளெரினோன் என்ற மாத்திரையை உலகம் முழுக்கப் பல வருடம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2020-இல் வெளிவந்த பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், அதற்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. சொட்டு மருந்தாலும் பலன் இல்லை. சிவந்த கண்ணுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், வீட்டில் மிச்சமிருந்ததை எடுத்து விட்டுக்கொள்வது இங்கே எதிரியைக் கூப்பிட்டு விருந்து வைப்பது.

வேலூர் வெயிலைத் தெரிந்த யாரும் இதை உடம்புச் சூடு என்று நினைப்பது இயல்புதான். அக்னி நட்சத்திரத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம். எண்ணெய்க் குளியலும் இளநீரும் உடம்புக்கு இதமாக இருக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் விழித்திரைக்கு அடியில் இருக்கும் நீரை அவை தொடாது. கண்ணுக்குள் தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் விடுவது கிருமித் தொற்றைத்தான் கொண்டு வரும்.

காத்திருப்பது என்றால் மறந்துவிடுவது என்று அர்த்தமில்லை. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னால் போக வேண்டும், ஸ்கேன் மறுபடி எடுக்க வேண்டும். பார்வைச் செல்களுக்கு ஊட்டம் நிறமி அடுக்கின் வழியாகத்தான் வருகிறது. நீர் இடையில் நின்று அந்தத் தொடர்பை நான்கு ஐந்து மாதத்துக்கு மேல் துண்டித்து வைத்தால், செல்கள் மெல்ல மடிய ஆரம்பிக்கும். அப்படிப் போனது திரும்பாது. அந்த நிலைக்குப் போகும் முன் சிகிச்சை உண்டு. மையத்திலிருந்து விலகிக் கசிவு இருந்தால் லேசரில் அடைப்பார்கள். மையத்தில் இருந்தால் வெர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, கசியும் இடத்தில் மட்டும் குறைந்த சக்தி லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். மருந்தைப் பாதி அளவில் கொடுத்துச் செய்யும் இந்த முறை, விட்டு விட்டுத் துடிப்பாகப் பாயும் மைக்ரோபல்ஸ் லேசரைவிட நன்றாக நீரை வற்ற வைக்கிறது என்று 2018-இல் ஒரு ஐரோப்பிய ஆய்வு காட்டியது. இதைச் செய்துகொண்டவர்கள் சில நாட்கள் வெயில் படாமல் இருக்க வேண்டும், மருந்து உடம்பில் இருக்கும்வரை வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். நம் ஊரில் இது சாதாரண நிபந்தனை இல்லை. மருந்தின் விலை அதிகம், 2021-க்குப் பிறகு சில வருடங்கள் உலக அளவிலேயே தட்டுப்பாடும் இருந்தது. ஆகவே உங்கள் டாக்டர் மைக்ரோபல்ஸ் லேசரைச் சொன்னால் அதற்கு நியாயமான காரணம் இருக்கும்.

இது திரும்ப வரக்கூடிய நோய் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றில் ஒருவருக்காவது மறுபடி வருகிறது, சில சமயம் மற்றக் கண்ணில். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு முதன்முறையாக இப்படி நீர் தெரிந்தால், டாக்டர் அதைச் சி.எஸ்.ஆர். என்று எளிதில் முடிவு கட்டமாட்டார். வயதில் வரும் மாகுலா சிதைவில், விழித்திரைக்கு அடியில் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்களும் இதே மாதிரி நீரைக் கசியவிடும். அதற்கு உடனே ஊசி வேண்டும்.

இனி இரண்டாவது நாற்காலிக்காரர். அவருக்கு வந்திருப்பது சர்க்கரையால் வரும் மாகுலா வீக்கம். இங்கே பக்கத்து வீட்டுத் தொட்டி நன்றாக இருக்கிறது, அரித்துப்போனது நம் சுவருக்குள் ஓடும் குழாய். பல வருடச் சர்க்கரையில் விழித்திரையின் நுண்குழாய்கள் வலுவிழந்து, அங்கங்கே குமிழ் கட்டி, நீரையும் கொழுப்பையும் கசியவிடுகின்றன. சரியாக ரத்தம் கிடைக்காத இடங்கள் வி.இ.ஜி.எஃப். என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன, அது கசிவை இன்னும் கூட்டுகிறது. ஸ்கேனில் நீர் விழித்திரைக்கு அடியில் ஒரே மேடாக நிற்காது, விழித்திரைக்குள்ளேயே கருப்புக் கண்ணறைகளாகச் சிதறியிருக்கும். காரணமான சர்க்கரையும் குழாய்ச் சேதமும் அப்படியே இருப்பதால், இது தானாக வடிந்து சரியாகும் என்று காத்திருக்க வழியில்லை. நாள் போகப் போக நரம்புச் செல்கள் நீரிலேயே ஊறிக் கெட்டுப்போகும்.

2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நம் கிராமங்களிலும் அது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பி.பி. மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல விஷயம். ஆனால் விழித்திரைப் பரிசோதனைக்கு நாம்தான் போக வேண்டும். சர்க்கரை என்று தெரிந்த அன்றே ஒருமுறை, அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, பார்வை நன்றாக இருந்தாலும். மாகுலா வீக்கம் ஆரம்பத்தில் எதையும் காட்டாது. காட்டும்போது, "புரை முத்தட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று வீட்டில் சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். புரை காத்திருக்கும், விழித்திரை காத்திருக்காது. இந்தக் கட்டுரையில் எனக்கு ஆதங்கம் அதிகம் உள்ள இடம் இதுதான்.

கண்ணுக்குள் ஊசி என்றதும் வயிறு கலங்குவது யாருக்கும் நடக்கும். நடைமுறையில் அது எப்படி என்று தெரிந்தால் பயம் பாதியாகும். மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள், அயோடின் கரைசலால் கழுவுவார்கள், இமையை விரித்துப் பிடிக்கச் சின்னக் கம்பி வைப்பார்கள். கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் மிக மெல்லிய ஊசி இறங்கும். நேரம் சில நொடிதான். ஊசி எதிரே வருவது தெரியாது, ஓர் அழுத்தம் மட்டும் தெரியும். அன்றே வீட்டுக்குப் போகலாம். வெள்ளையில் ஒரு சிவப்புத் திட்டு சில நாள் இருந்தால் பயமில்லை. ஆனால் ஊசிக்குப் பின் ஓரிரு நாளிலோ ஒரு வாரத்துக்குள்ளோ வலி கூடி, பார்வை குறைந்து, கண் சிவந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அரிதுதான், ஆனால் இரவானாலும் ஓடிப்போய்க் காட்ட வேண்டும்.

ஒரு ஊசியோடு முடியாது. ஆரம்பத்தில் மாதம் ஒன்று, பிறகு ஸ்கேன் பார்த்து இடைவெளி கூடும். முதல் வருடத்தில்தான் அதிகம் தேவைப்படும். மூன்று மருந்துகள் பரவலாக இருக்கின்றன: பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட். பெவாசிசுமாப் 2004-இல் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து, சின்ன அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்துகிறார்கள், விலை மிகக் குறைவு. மட்டமான மருந்தைப் போடுகிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம். 2015-இல் மூன்றையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், பார்வை லேசாகக் குறைந்தவர்களுக்கு மூன்றும் ஒரே மாதிரி பலன் தந்தன. பார்வை நன்றாகக் குறைந்தவர்களுக்கு மட்டும் முதல் வருடத்தில் அஃப்லிபெர்செப்ட் மேலாக இருந்தது. அதனால் செலவுக் கஷ்டத்தை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். காசில்லை என்று நாலாவது ஊசியில் நின்றுவிடுவதைவிட, கட்டுபடியாகும் மருந்தைத் தொடர்ந்து போட்டுக்கொள்வது மேல்.

இந்த ஊசிகளுக்குச் சரியாக மசியாத சிலருக்கு டாக்டர்கள் கண்ணுக்குள் வைப்பது என்ன தெரியுமா? டெக்ஸாமெத்தசோன். சி.எஸ்.ஆர்.காரர் விட வேண்டிய அதே ஸ்டீராய்டு, சர்க்கரைக்காரரின் வீங்கிய மாகுலாவை வற்ற வைக்கிறது. குழாய்ச் சுவரின் அழற்சியை அது அடக்குகிறது என்பது காரணம். கண் அழுத்தம் ஏறவும் புரை சீக்கிரம் வரவும் வாய்ப்பு உண்டு என்பதால் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதனால்தான் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்ன மருந்தை நாமும் கேட்டு வாங்கக்கூடாது. ஒருவருக்கு மருந்தாக இருப்பது, இன்னொருவருக்கு நோயின் காரணமாகவே இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் ஒரு கண்ணில் பார்வை சட்டென்று மங்கியிருந்தால், பி.பி. உள்ளவருக்கு விழித்திரையின் சிரை ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். அதிலும் ரத்தக் கசிவோடு நீர் கோக்கும், ஊசி தேவைப்படும். கர்ப்பிணிகளுக்குப் பி.பி. ஏறிப் பார்வை மங்கினால் கண்ணைவிட முதலில் பிரசவ மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வீட்டில் சோதித்துக்கொள்வது எளிது. கட்டம் போட்ட மாதக் காலண்டர் போதும். வழக்கமாகப் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படிக்கும் தூரத்தில் வைத்து, ஒரு கண்ணைக் கையால் மூடி, நடுக்கட்டத்து எண்ணை மட்டும் பாருங்கள். சுற்றியுள்ள கோடுகள் நேராக இருக்கின்றனவா, எங்காவது வளைகிறதா, ஒரு கட்டம் காணாமல் போகிறதா? அப்புறம் மற்றக் கண். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும், மாதக்கணக்கில் தெரியாமலே போவது அதனால்தான். சர்க்கரைக்காரர்கள் இதைப் பரிசோதனைக்கு மாற்றாக நினைத்துவிடக்கூடாது, கோடு வளைவதற்கு முன்பே சேதம் தொடங்கியிருக்கும்.

வசதிக்கு நமக்குக் குறைவில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஷெல் தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில், சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-இல் வேலூரில் திறந்த மருத்துவமனை, இன்று சி.எம்.சி.யின் கண் மருத்துவமனையாக ஆரணி ரோட்டில் இயங்குகிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். பேரணாம்பட்டிலும் அணைக்கட்டிலும் இருப்பவர்கள் அரை நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடுகிறார்கள். கூலி போவது உண்மையான கஷ்டம்தான், அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கண்ணின் மையம் போனால் தையல் மெஷினிலும் தறியிலும் பிறகு கூலியே கிடைக்காது.

போகும்போது சில விஷயங்கள். கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், நான்கைந்து மணி நேரம் கிட்டப்பார்வை மங்கி வெளிச்சம் கூசும், ஆகவே டூவீலரில் தனியாகப் போகாதீர்கள். சர்க்கரை, பி.பி., கிரியாட்டினின் ரிப்போர்ட்டுகள், பழைய ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். அதே பையில் வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டை, பொட்டலத்தில் மிச்சமிருக்கும் உதிரி மாத்திரை, முகத்துக்குத் தடவும் டியூப், உறிஞ்சும் பம்ப், நாட்டு மருந்துப் பொடி, சொட்டு மருந்துப் புட்டி எதையும் விடாமல் போட்டுக்கொள்ளுங்கள். மூட்டிலோ முதுகிலோ எப்போதாவது ஊசி போட்டிருந்தால் எந்த மாதம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து அதோடு வையுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் மேஜையில் கொட்டிக் காட்டுங்கள்.